பார உலோகங்களும் ஆணின் கருவளமும்: உணவால் எவ்வளவு முடியும்?

பெரியோர்களே, தாய்மார்களே, இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

நம் மலையகத் தேயிலைத் தோட்ட லயங்களில் திருமணமாகி இரண்டு வருடங்களில் குழந்தை இல்லையென்றால், கோயிலுக்கும் கிளினிக்கிற்கும் முதலில் அனுப்பப்படுகிறவள் மனைவிதான். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பங்கும் உண்டு என்று மருத்துவம் சொல்லியும், கணவனைச் சோதிக்கும் பேச்சு பல வீடுகளில் எழுவதே இல்லை. அந்த மௌனம் என்னை நெடுநாள் உறுத்தியிருக்கிறது. அதனால்தான் ஆணின் கருவளத்தைக் கெடுக்கும் பார உலோகங்களையும், அவற்றை எதிர்க்க உணவால் எவ்வளவு முடியும் என்பதையும் இன்று பேச வந்திருக்கிறேன்.

விந்தணு நீந்துவதற்கென்றே தன்னைச் சுருக்கிக்கொண்ட உயிர்க்கலம். அப்படிச் சுருங்கும்போது, பழுதைத் தடுக்கும் நொதியங்கள் தங்கியிருந்த குழியவுருவில், அதாவது கலத்தின் உள்ளிருக்கும் கூழ்ப்பொருளில், பெரும்பகுதியை அது இழந்துவிடுகிறது. அதன் மென்சவ்வோ எளிதில் ஒட்சியேற்றமடையும், அதாவது ஒட்சிசன் தாக்கிக் கெட்டுப்போகும், கொழுப்பமிலங்கள் நிறைந்தது. ஈயம், கட்மியம், பாதரசம், ஆர்சனிக் ஆகிய பார உலோகங்கள் உடலுக்குள் புகுந்ததும், நம் கலங்களின் முதற்காவலான குளுதாதயோன் என்ற பொருளைப் பற்றிப் பிடித்துத் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் பெருகும், எதையும் தாக்கும் இயல்புள்ள ஒட்சிசன் மூலக்கூறுகள் விந்தணுவின் சவ்வையும் அதன் மரபுப் பொருளையும் அரிக்கத் தொடங்குகின்றன. கட்மியம் இன்னும் ஒருபடி மேலே போய், விந்தணு உருவாகும் உறுப்பான விதைக்கும் இரத்தத்திற்கும் இடையிலுள்ள காப்புச் சுவரையே தளர்த்திவிடுகிறது. ஒருமுறை சிறுநீரகத்தில் தங்கிவிட்டால் அது பாதியாகக் குறைவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

1957இல் பாரிசெக் என்ற செக் நாட்டு ஆய்வாளர், கட்மியம் செலுத்தப்பட்ட எலிகளின் விதைகள் அழிவதையும், நாகம், அதாவது சிங்க், கொடுக்கப்பட்ட எலிகளில் அந்த அழிவு தடுக்கப்படுவதையும் காட்டினார். அதன் பின்னர் விற்றமின் சீ, விற்றமின் ஈ, செலனியம் ஆகியவையும் எலிகளில் இவ்வாறே பாதிப்பைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. மனிதனிலும் இதற்கு அடிப்படை உண்டு: விந்துத் திரவத்தில் விற்றமின் சீ இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிந்திருக்கிறது.

ஆனால் எலிக்கு நடந்ததை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிட என் மனம் இடம் தரவில்லை. 2020இல் அமெரிக்காவில் 2,370 தம்பதியரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஆண்களுக்கு சிங்க்கும் போலிக் அமிலம் என்ற விற்றமினும் மாத்திரையாகக் கொடுத்தும் குழந்தைப் பேறு கூடவில்லை. அவர்கள் பார உலோகத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்று தெரிவு செய்யப்பட்டவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆயினும் மாத்திரைப் போத்தலில் குழந்தையை விற்கிறவர்களிடம் உழைத்த காசைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதுவே போதும்.

உணவின் கதை வேறு. இரத்தத்தில் இரும்பு குறைந்த உடல், இரும்பைத் தேடும் அவசரத்தில் கட்மியத்தையும் ஈயத்தையும் குடலில் கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. நாமோ ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணியைக் குடிக்கிறோம். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் என்ற பொருட்கள் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் நல்ல எதிரிகள்தாம். ஆனால் சாப்பாட்டோடு சேரும்போது அவை பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைக் கட்டிவைத்துவிடும். உலகத்திற்கே தேயிலை கொடுத்த நாம், சாப்பாட்டிற்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணிநேரம் விட்டாலே காவலில் ஒரு பங்கு கிடைத்துவிடும். அந்த ரொட்டியோடு தேசிக்காய் பிழிந்த பச்சை வல்லாரைச் சம்பலும், பிறகு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்ந்தால், விற்றமின் சீ அதே இரும்பை உடலில் சேர்த்துவிடும். முட்டை, பருப்பு, நெத்தலி ஆகியவை சிங்க்கும் செலனியமும் தருவன. பெரிய சுறாவைவிட நெத்தலியில் பாதரசம் மிகக் குறைவு.

இவையெல்லாம் உள்ளே வந்துவிட்ட உலோகத்தோடு போராடும் படை. வாசலை அடைப்பது அதைவிடப் பெரிய வேலை. புகையிலைச் செடி மண்ணிலுள்ள கட்மியத்தை இலையில் சேர்க்கும் இயல்புடையது. ஆகவே ஒவ்வொரு சிகரெட்டும் அந்த உலோகத்தை நுரையீரல் வழியாக நேரே இரத்தத்தில் இறக்குகிறது. நாளுக்கு ஒரு பக்கெட் புகைக்கிறவருக்கு எந்த நெல்லிக்காயும் ஈடுகொடுக்காது. மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொஸ்பேற்று உரங்களில் கட்மியம் மாசாக வரக்கூடும். நம் மலை மண் அமிலத்தன்மை மிக்கது. அமில மண்ணில் செடி கட்மியத்தை எளிதில் உறிஞ்சும். மண்ணைச் சோதித்து, தேவைக்கேற்ப டொலமைட் என்ற சுண்ணக்கல் தூள் இட்டு அமிலத்தைக் குறைப்பது விளைச்சலுக்கு மட்டுமன்றி, அந்தக் கீரையை உண்ணும் குடும்பத்திற்கும் பாதுகாப்பு. பழைய பற்றரிகளை வீட்டு முற்றத்தில் உடைத்து ஈயம் உருக்குவதை மட்டும், உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், செய்யாதீர்கள்.

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. முதிர்ந்து வெளிவர மேலும் சில நாட்கள். இன்று புகையை விட்டு உணவை மாற்றுகிறவரின் விந்துச் சோதனையில் அதன் பலனைப் பார்க்க மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும். அந்தச் சோதனை வலியில்லாதது. 2 முதல் 7 நாட்கள் தாம்பத்தியத்தையும் வேறு வழியில் விந்து வெளியேறுவதையும் தவிர்த்துவிட்டுப் போனால் போதும். அடுத்த முறை மனைவியின் கிளினிக் அட்டையில் திகதி போடும்போது, கணவரும் கூடவே போய், தன் பெயருக்கும் ஒரு திகதி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.