கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போறதா, புறக்கணிக்கிறதா? காங்கேயம் தம்பி கேட்ட கேள்விக்கு விளக்கம்

வணக்கமுங்க. காங்கேயத்துக்குப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி குரல்பதிவுல கேட்டிருக்காரு. அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன்: "அண்ணா, எங்கூருக்குக் கெழக்கே கல்குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம்னு பேப்பர்ல விளம்பரம் வந்திருக்குங்க. போனா கையெழுத்து வாங்கிக்கிட்டு, மக்கள் சம்மதிச்சுட்டாங்கன்னு எழுதிருவாங்க, அதனால ஒருத்தரும் போகக்கூடாதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. குவாரியே நாலு ஏக்கர்தான், அதுக்கு எதுக்கு கூட்டம்னும் புரியல. போலாமா, வேண்டாமா?"

போங்க தம்பி. வீட்டுக்கு ஒருத்தராவது போங்க. ஏன்னு சொல்றேன்.

மொதல்ல அந்த நாலு ஏக்கர் விஷயம். உங்கூருக் குவாரியை மட்டும் தனியாப் பாக்கறதில்லைங்க. ஒரு குவாரி எல்லையில இருந்து 500 மீட்டருக்குள்ள இன்னொரு குவாரி இருந்தா எல்லாத்தையும் ஒரே தொகுப்பாக் கணக்கு வெக்கணும். கூட்டிப் பாக்கறப்ப 5 ஹெக்டேருக்கு மேல போச்சுன்னா, அதாவது சுமாரா பன்னெண்டேகால் ஏக்கர், கருத்துக்கேட்பு நடத்தணும். அப்ப உங்களுக்குக் கூட்டம் வந்திருக்குன்னாலே, அநேகமாப் பக்கத்துல ஏற்கெனவே குவாரிங்க இருக்குதுன்னு அர்த்தம். அந்தக் குவாரிங்களால இதுவரைக்கும் என்ன ஆச்சுங்கிறதும் அந்த மேடையில பேச வேண்டிய பேச்சுதான்.

இப்ப கையெழுத்துக்கு வர்றேன். இந்தப் பயம் நம்ம பக்கம் ரொம்ப ஊர்ல இருக்கு. 2006 செப்டம்பர் 14-ந் தேதி மத்திய அரசு போட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதுக்கு அடிப்படை. கூட்டம் எப்படி நடக்கணும்னு அதோட நாலாவது பின்னிணைப்புல இருக்குதுங்க. வந்தவங்க வருகையைக் குறிச்சு, கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்போட சேக்கணும்னு அதுல சொல்லியிருக்கு. அந்தக் கையெழுத்து வருகைக்கு மட்டும்தான், சம்மதத்துக்கு இல்லை. அதே இடத்துல இன்னொண்ணும் இருக்கு, அதைத்தான் நீங்க ஊர்ல போயிச் சொல்லணும்: கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தே ஆகணும்னு ஒரு கணக்கு கிடையாது. அஞ்சு பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாத்தான் பதிவாகும். ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா, "ஆட்சேபணை ஏதும் வரவில்லை"ன்னு எழுதறதுக்குத் தோதாப் போயிரும். ஊரு வாய் மூடி இருந்ததை எதிர்ப்புன்னு எழுதறதுக்கு அந்தக் குறிப்புல இடமே இல்லைங்க.

கையெழுத்துப் போடறதுக்கு முந்தி தாளோட தலைப்பைப் படிங்க. 'வருகைப் பதிவேடு'ன்னு இருக்கோணும். வெத்துத் தாளா இருந்தா போடாதீங்க, போன்ல ஒரு படம் எடுத்துக்குங்க. அவ்வளவுதான்.

அடுத்தது, அங்க முடிவு எடுக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கணும். மேடையில மாவட்ட ஆட்சியர் உக்காந்திருப்பாரு, இல்லேன்னா அவருக்காகக் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒரு அதிகாரி இருப்பாரு. பக்கத்துல மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க. நம்மாளுங்க கலெக்டரைப் பாத்து "அனுமதி குடுக்காதீங்க"ன்னு சத்தம் போடுவாங்க. அவர் கையில அந்த அதிகாரமே இல்லைங்க. முடிவு சென்னையில, மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துல. அங்க உக்காந்திருக்கறவங்க உங்கூருக்கு வந்ததே இல்லாம இருக்கலாம். அவங்களுக்குப் போறது மூணு: கம்பெனி குடுத்த அறிக்கை, கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்பு, அன்னிக்கு எடுத்த வீடியோ. நீங்க சொல்றது அந்தக் குறிப்புல ஏறுனாத்தான் உங்கூரு சென்னைக்குப் போயிச் சேரும்.

அதுக்கோசரம் என்ன பேசறதுங்கிறது முக்கியம். சில வருசத்துக்கு முன்னாடி ஒரு கல்யாண மண்டபத்துல நடந்த இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மொத ஒரு மணி நேரம் ஒரே கூச்சல். "வேண்டாம், வேண்டாம்"னு இருநூறு பேர் சொன்னாங்க, குறிப்புல அது "பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்"னு ஒத்தை வரியா முடிஞ்சு போச்சு. அப்புறம் ஒரு ஆத்தா எந்திரிச்சு வந்தாங்க. கையில மாச காலண்டர், செவுத்துல மாட்டுற ஆணி ஓட்டையோட. ஒவ்வொரு தேதிக் கட்டத்துலயும் காலைப்பால் இத்தனை லிட்டர், சாயந்தரப்பால் இத்தனை லிட்டர்னு பென்சில்ல எழுதியிருக்கு. சில கட்டத்துல மட்டும் செவப்பு மையில ஒரு சுழி. பக்கத்துக் குவாரியில வெடி வெச்ச நாளுங்க அது. "இந்தச் சுழி போட்ட அன்னிக்கெல்லாம் சாயந்தரப்பாலைப் பாருங்க சாமி, மாடு மெரண்டு போயி கறக்க உட மாட்டேங்குது"ன்னாங்க. மண்டபமே அமைதியாயிருச்சு. அதிகாரி காலண்டரைக் கேட்டாரு, ஆத்தா குடுக்கல, "பால் கணக்கு இருக்குது"ன்னுட்டாங்க. அதனால பக்கம் பக்கமாப் படம் எடுத்துக் குறிப்போட சேத்தாங்க. அந்தக் குவாரிக்கு அனுமதி வந்துச்சு, அதை நான் மறைக்க விரும்பல. ஆனா வெடி வெக்கிற நேரத்துக்கு ஒரு நிபந்தனையும் சேந்து வந்துச்சு. இன்னிக்கு நேரம் தப்பி வெடிச்சா, ஊர்க்காரங்க அந்தக் கடிதத்தைக் காட்டிக் கேள்வி கேக்கறாங்க.

உங்க பக்கத்துக்குன்னே ரெண்டு விஷயம் இருக்கு தம்பி, அதை உடாதீங்க. ஒண்ணு கொரங்காடு, அதாவது வேலி போட்டு மாடு மேய உடற நம்ம மேச்சல் காடு. வெளியூர்ல இருந்து வந்து அறிக்கை எழுதறவங்க கண்ணுக்கு அது தரிசு மாதிரித்தான் தெரியும், 'தரிசு நிலம்'னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போயிருவாங்க. சுத்தி கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்வேல மரம், இத்தனையும் சேந்ததுதான் காங்கேயம் மாட்டுக்கு மேச்சல்னு அவங்களுக்கு யாரு சொல்லுவாங்க? கல் தூசி புல்லு மேல படிஞ்சா மாடு வாய் வெக்காதுன்னு யாரு சொல்லுவாங்க? அந்த அறிக்கைக்கு காத்து, தண்ணி, சத்தம் எல்லாம் மழைக்காலத்தை உட்டுட்டு ஒரு பருவம் அளந்தாப் போதும்னு வெச்சிருக்காங்க. மூணு மாசக் கணக்கு அது. உங்கப்பாரு காலத்துல இருந்து கிணத்துல தண்ணி எத்தனை அடியில நின்னுச்சுன்னு உங்க வீட்டுல சொல்ல ஆள் இருக்கு. அதை எல்லாரும் கேக்க நேர்ல சொல்லிப் பதிவு பண்றதுக்குன்னு இருக்கற நாளு இந்தக் கூட்டம்தான்.

இன்னொண்ணு தோட்டத்துச் சாளை, அதாவது காட்டுக்குள்ளயே கட்டியிருக்கற வீடு. கல்குவாரிக்கும் குடியிருப்புக்கும் 300 மீட்டர் தூரம் இருக்கணும்னு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்லுது. ஆனா அந்த விதிக்குக் குடியிருப்புன்னா வருவாய்த்துறைப் பதிவேட்டுல ஊர், மனைன்னு இருக்கற இடம், இல்லேன்னா உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ அனுமதிச்ச மனை. நம்ம கொங்கு நாட்டுல பாதிச் சனம் நத்தத்துலயா குடியிருக்கோம்? அவங்கவங்க காட்டுக்குள்ள சாளை கட்டிக் குடியிருக்கோம். வரைபடத்துல அது வெறும் பட்டா நிலமாத்தான் தெரியும். அதனால வீட்டு வரி ரசீது, கரண்டு அட்டை, ரேஷன் கார்டு நகலோட, வீட்டுல இருந்து குவாரி எல்லை எத்தனை மீட்டர்னு அளந்து எழுதிக் குடுங்க. கணக்குல வருமா வராதான்னு அவங்க முடிவு பண்ணட்டும். வீடே இல்லைன்னு மட்டும் ஒருத்தரும் எழுத முடியாது.

எழுதிக் குடுக்கறப்ப ரெண்டு நகல் எடுத்து, ஒண்ணுல சீல் வாங்கிக்குங்க. முழு அறிக்கையும் கலெக்டர் ஆபீஸ், ஒன்றிய ஆபீஸ்ல பார்வைக்கு இருக்கணும். சுருக்கம் தமிழ்ல இருக்கும், முழுசும் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். ஊர்ல காலேஜ் படிக்கிற புள்ளைங்களை உக்கார வெச்சு, தண்ணி பத்தின அத்தியாயத்தை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்க. விளம்பரம் வந்த நாள்ல இருந்து குறைஞ்சது 30 நாள் அவகாசம் இருக்கு. இதுக்குத்தான் அந்த அவகாசமே.

கேட்டாங்க, அப்புறம் கண்டுக்கல, அப்ப என்ன பண்றதுன்னு கேப்பீங்க. கோவா சுரங்க வழக்கு ஒண்ணுல 2009-ல டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவாச் சொல்லுச்சு: கூட்டத்துல வந்த ஆட்சேபணைகளை, அனுமதிக்குப் பரிந்துரை பண்ற நிபுணர் குழு பரிசீலிக்கணும், ஏன் ஏத்துக்கிட்டோம், ஏன் தள்ளுனோம்னு காரணம் எழுதணும். காரணம் இல்லாம அனுமதி குடுத்தா 30 நாளைக்குள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நம்மளுக்குச் சென்னை அமர்வு. தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தா மேற்கொண்டு 60 நாள் வரைக்கும் அனுமதிக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. அங்க போறப்பவும் மொதக் கேள்வி, "கூட்டத்துல இதைச் சொன்னீங்களா?"ங்கிறதுதான்.

எல்லாத் திட்டத்துக்கும் இந்த மேடை கிடைக்காதுங்கிறதையும் சொல்லிடறேன். பாசனத் திட்டத்தை நவீனப்படுத்தறதுக்குக் கருத்துக்கேட்பு வேண்டியதில்லைன்னு இந்த அறிவிக்கையிலயே விலக்கு இருக்கு. கெயில் எரிவாயுக் குழாய் கொங்குச் சீமை வழியா வந்தப்பவும் இப்படித்தான். அது 1962-ஆம் வருஷத்துக் குழாய்ச் சட்டம். நிலத்துக்காரர் 21 நாளைக்குள்ள ஆட்சேபணை குடுக்கலாம், அதுக்கு மேல ஒண்ணும் இல்லை. உயர் நீதிமன்றம் சொன்ன பொறவுதான் 2013 மார்ச்சுல கோவையில ஏழு மாவட்ட விவசாயிகளைக் கூப்பிட்டு மாநில அரசு கேட்டுச்சு. கேட்டுட்டு, வயக்காட்டுல வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாப் போடுங்கன்னும் சொல்லுச்சு. ஆனா முடிவு எடுக்கற அதிகாரம் மத்திய அரசுகிட்ட இருந்ததால 2016-ல உச்ச நீதிமன்றத்துல அது நிக்கல. கேக்கறதுக்குன்னு சட்டத்துலயே ஒரு நாள் குறிச்சுக் குடுத்திருக்கறது எத்தனை அருமைன்னு அந்த ஏழு மாவட்டத்துக்காரங்களைக் கேட்டாத் தெரியும். நொய்யல்ல ஒரத்துப்பாளையம் அணைக்குச் சாயத்தண்ணி வந்தப்ப, கீழ அந்தத் தண்ணியில பாசனம் பண்ணுன ஆயக்கட்டுக்காரங்களை ஒருத்தரும் முன்கூட்டிக் கேக்கவே இல்லையே. அவங்க சங்கமாச் சேந்து கோர்ட்டுல எத்தனையோ வருஷம் நடந்துதான், 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடற உத்தரவு வந்துச்சு. அதுக்குள்ள எத்தனை கிணறு கெட்டுப் போச்சுங்க.

கடைசியா ஒண்ணு. பேசி முடிச்ச உடனே சோத்துக்கு நேரமாச்சுன்னு எல்லாரும் கிளம்பிருவாங்க. கிளம்பாதீங்க. கூட்ட முடிவுல, என்னென்ன ஆட்சேபணை வந்துச்சு, கம்பெனி என்ன பதில் சொல்லுச்சுங்கிறதைத் தமிழ்ல விளக்கி, சபையில படிச்சுக் காட்டணும்னு விதி. படிக்கறப்ப உங்க கிணறு, உங்க கொரங்காடு, உங்க சாளை அதுல வருதான்னு காது குடுத்துக் கேளுங்க. விட்டுப் போயிருந்தா அங்கயே எந்திரிச்சு, வீடியோ ஓடிட்டு இருக்கறப்பவே, "இதைச் சேருங்க"ன்னு சொல்லுங்க. அப்புறம் அந்தக் குறிப்பைப் பஞ்சாயத்து ஆபீஸ்ல பார்வைக்கு வெச்சிருக்காங்களான்னு போயிப் பாத்து, ஒரு படம் எடுத்து எனக்கும் அனுப்புங்க தம்பி, வரி வரியாப் பாத்துச் சொல்றேன்.