கண்ணாடிக் கதவில் படியும் சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, சென்ற ஆண்டு ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஒரு வீட்டுக் குளியலறையின் கண்ணாடிக் கதவில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்த கறையைப் போக்க ஆசிட்டை ஊற்றி, இரும்பு நாரால் தேய்த்திருக்கிறார். "உப்புக் கறை டீச்சர், எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகவில்லை" என்றார். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள் நான். இந்தக் கறையைப் போக்கும் எளிய வழியை அவரிடம் முன்பே சொல்லாமல் போனோமே என்று அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. பிறகு அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்னையில் நாம் எல்லோரும் அதை உப்புக் கறை என்றுதான் சொல்கிறோம். ஆனால் சமையல் உப்பாக இருந்தால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியவுடன் கரைந்து ஓடியிருக்கும். கதவில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. வழியில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்த நீரைத்தான் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மேலே ஏற்றுகிறோம். கண்ணாடியில் ஒட்டிய துளி காயும்போது வாயு பிரிந்துபோகிறது, கல் மட்டும் தங்கிவிடுகிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுகினால் என்னவாக மாறுமோ, அதே பொருள்தான் இதுவும். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் நம் கதவுக்கு நாமே ஒரு பூச்சு வெள்ளையடிக்கிறோம்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சுண்ணாம்புக்கல்லாகக் கணக்கிட்டுச் சொல்வதைக் கடினத்தன்மை என்கிறோம். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உங்கள் வீட்டு நீரில் 400 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் குளித்தபின் கதவில் 50 மில்லிலிட்டர் தங்கிக் காய்ந்தால் 20 மில்லிகிராம் கல். நான்கு பேர் இருக்கும் வீட்டில் நாளுக்கு 80, ஆண்டுக்கு ஏறக்குறைய 29 கிராம். அவ்வளவு கல்லைக் கைவலிமையால் சுரண்டி எடுக்கச் சொல்வது அந்தக் கைகளுக்குச் செய்யும் கொடுமை.

கல்லைக் கரைக்கப் புளிப்பு, அதாவது இலேசான அமிலம், போதும். ஒரு முட்டையை வினிகரில் மூழ்கவைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள்; காலையில் ஓடு ஏறக்குறைய முழுவதும் கரைந்து, மெல்லிய தோலோடு முட்டை இருக்கும். என் வகுப்பில் பிள்ளைகள் இதைக் கண் விரியப் பார்ப்பார்கள். முட்டை ஓடும் கதவுக் கறையும் ஒரே பொருள். முட்டை இரவு முழுவதும் வினிகரில் ஊறியது, கதவோ செங்குத்தாக நிற்கிறது. வினிகரைத் தெளித்தால் ஒரு நிமிடத்தில் வழிந்து தரைக்குப் போய்விடும். பலர் "வினிகர் போட்டும் போகவில்லை" என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து கதவைக் கழுவுங்கள். கடின நீரில் சோப்பு சேர்ந்தால் மெழுகு போன்ற ஒரு படலம் உண்டாகி, கல்லின் மேல் போர்வையாகப் படிந்திருக்கும்; அது அகலாமல் புளிப்பு உள்ளே போகாது. பிறகு பழைய பருத்தித் துணியைச் சமையல் வினிகரில் நன்றாக நனைத்து, கண்ணாடியின் மேல் அப்படியே ஒட்டிவிடுங்கள். காயாமல் அரை மணி நேரம் இருக்கட்டும். இடையில் ஒருமுறை வினிகரைத் தெளித்துக்கொள்ளலாம். வினிகரின் வாடை பிடிக்காதவர்கள், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, ஆறியபின் பயன்படுத்தலாம். துணியை எடுத்துவிட்டு மென்மையான பஞ்சால் துடைத்து, நீர் விட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பல ஆண்டுக் கறை என்றால் இதையே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். இரும்பு நார் வேண்டாம். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அடுத்த கறைக்கு அங்கேயே இடம் கிடைத்துவிடும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கும் பழக்கமும் வேண்டாம். நுரை பொங்குவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே சோடா புளிப்பை முறித்துக்கொண்டிருக்கிறது.

கடையில் புட்டிகளில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கறையைக் கரைக்கும், உண்மைதான். கூடவே ஓடுகளுக்கு நடுவே உள்ள சிமெண்டையும், குழாய்களின் பளபளப்பையும், துடைப்பவரின் தோலையும் அரிக்கும். அதன் புகை நுரையீரலுக்குள் போகும். இன்னொன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: ஆசிட்டோ வினிகரோ பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் வேலை செய்பவரிடம் இரண்டையும் கொடுத்துவிட்டு வெளியே போகிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான், பளிங்கும் அப்படியே, மொசைக் தரையில் பளிங்குத் துண்டுகளும் சிமெண்டும் இருக்கின்றன. வினிகர் வழிந்தால் அவை மெருகிழந்து வெளுத்துப்போகும். கதவுக்குக் கீழே ஒரு தடித்த துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு மங்கல் மிஞ்சினால்? விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் இன்னும் கல் இருக்கிறது, ஊறவிடலாம். வழவழப்பாக இருந்தும் மங்கலாகத் தெரிந்தால், கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அதைப் புளிப்பால் மீட்க முடியாது. சீரியம் ஆக்சைடு என்ற தூளால் மெருகேற்றுவார்கள். இலேசான பாதிப்பு என்றால் பலன் தரும்.

இனி, கறை படியாமல் தடுப்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் அடுக்ககத்தின் கிணற்றருகே உள்ள மழைநீர்க் குழி தூர்ந்து கிடந்தால், மழைக்காலத்துக்கு முன் தூர் எடுத்துச் சீர்செய்யுங்கள். மழைநீர் உள்ளே இறங்க இறங்க, பல இடங்களில் நிலத்தடி நீரின் கடினம் குறைகிறது. ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்காகும். இன்றே செய்யக்கூடியது, தரைத் தண்ணீரைத் தள்ளுகிறோமே, அதேபோல் ரப்பர் வைத்த சிறிய வைப்பர் ஒன்றைக் குளியலறையில் மாட்டிவைப்பது. குளித்து முடித்தவர் மேலிருந்து கீழாக நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டு வந்தால் போதும். துளி நிற்காத இடத்தில் கல் படியாது. எங்கள் அடுக்ககத்து அந்த அம்மா, தாம் வேலை செய்யும் நான்கு வீடுகளிலும் இதைச் சொல்லி மூன்று வீடுகளில் வைப்பர் வாங்க வைத்துவிட்டார். நான்காவது வீட்டாரோடு நான் பேசவிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.