கண்ணை மறைக்கும் கட்டி: ஆமைகளைத் தாக்கும் ஒரு வைரஸ்

[காட்சி: முல்லைத்தீவுக் கரை. கரைவலை இழுக்கிறார்கள்.]

வணக்கம். வலையின் மடி கரையேறும்போது மீனோடு மீனாகச் சில வேளை ஓர் இளம் பேராமையும், அதாவது பச்சைக் கடலாமையும், வந்துவிடும். சம்மாட்டிக்கு அது தொல்லை. யாராவது தூக்கிக் கடலில் விட்டுவிடுவார்கள். அப்படித் தூக்கும்போது அதன் கழுத்தையும் கண்ணோரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த வீடியோ.

[காட்சி: நோயுற்ற ஆமையின் தலை, மிக அருகில்.]

பூக்கோவா போலத் திரண்டிருக்கிறதே, அதுதான் கட்டி. சில வெளிர் சிவப்பு, சில கறுப்பு. நோயின் பெயர் ஃபைப்ரோபாப்பிலோமடோசிஸ். வாயில் நுழையாது, கட்டிநோய் என்றே சொல்கிறேன். புளோரிடாவின் கீ வெஸ்டில் இருந்து நியூயோர்க் மீன்காட்சியகத்துக்குக் கொண்டுவந்த பேராமைகளில் கண்டு, 1938இல் முதன்முதலாக இதை எழுதிவைத்தார்கள். பிறகு ஹவாய், கரீபியன், அவுஸ்திரேலியா, இந்தோனேசியா என்று பல கடல்களில் தெரியவந்தது.

கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிதான். ஆனால் முளைக்கும் இடம் பொல்லாதது. கண்ணை மூடினால் ஆமைக்கு இரை தெரியாது, பட்டினியில் மெலியும். துடுப்பில் வளர்ந்தால் நீந்த முடியாது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் வந்துவிட்டால் வைத்தியர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

[காட்சி: ஆய்வுகூடம்.]

காரணம் வைரஸ் என்று எப்படித் தெரியும்? 1995இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தது. கட்டியை அரைத்து, உயிரணுவோ பக்ரீரியாவோ புகமுடியாத நுண்ணிய வடியில் வடித்து, அந்தச் சாற்றை நலமான இளம் ஆமைகளுக்கு ஏற்றினார்கள். அவற்றுக்கும் கட்டி வந்தது. வடியைத் தாண்டிப் போகுமளவுக்குச் சிறிய ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று. இன்று சந்தேகம் முழுவதும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்றின் மேல். ஆமையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் அதைக் காவிச் செல்லலாம் என்கிறார்கள். நம் வாடிகளில் காயும் கடலட்டைக்கு இதில் பங்கில்லை!

சிக்கல் இனித்தான். கட்டியே இல்லாத ஆமைகளிலும் இதே வைரஸின் தடயம் கிடைக்கிறது. அப்படியானால் வைரஸ் மட்டும் போதாது. திறந்த கடலில் வளர்ந்து, கடற்புல் மேயக் கரையோரம் வந்த இளம் ஆமைகளையே நோய் அதிகம் பிடிக்கிறது. முட்டையிட ஏறும் தாயாமைகளில் அரிது. ஆகவே கரையோரத் தண்ணீரின் மீது பலருடைய பார்வை திரும்பியது. உரமும் கழிவும் சேரும் குடாக்களில் நோய் கூடுதல் என்று ஹவாயில் ஓர் ஆய்வு சொன்னது; அதை மறுத்தவர்களும் உண்டு. என் கட்சி தண்ணீரின் பக்கம்.

[காட்சி: வட்டுவாகல் பாலம், மாரி வெள்ளம்.]

மாரியில் முகத்துவாரம் திறந்தால், வயல்களில் நாம் கொட்டியதும் நந்திக்கடல் களப்பு வழியே கடலுக்குத்தான் போகிறது. பேராமை மேய்வதும் இதே கரையோரத்தில்.

[காட்சி: வலையில் இருந்து ஆமையை எடுக்கும் கைகள்.]

கட்டியுள்ள ஆமை வந்தால் கத்தி வைக்காதீர்கள். வெளிநாட்டு ஆமை மருத்துவமனைகளில் லேசரால் வெட்டியெடுத்தும் கட்டி திரும்ப முளைப்பதுண்டு. வேறு ஆமையோடு ஒரே தொட்டியில் போடாதீர்கள். மனிதருக்கு இது தொற்றியதாகப் பதிவில்லை. அதற்காக இறைச்சியாக்கலாம் என்று எண்ண வேண்டாம், அது சட்டப்படி குற்றம். ஆமை அசைவற்றுக் கிடந்தால் உடனே கடலில் எறியாமல், நிழலில் வைத்துப் பின்பகுதியை ஒரு சாண் உயர்த்தி, ஈரத்துணி போர்த்துங்கள், மூக்கை மூடிவிடாதீர்கள். நுரையீரல் நீர் வடிந்து மணிக்கணக்கின் பின் எழும்பிய ஆமைகள் உண்டு. கட்டி தெரியும்படி படமெடுத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எந்தக் கரை, எந்தத் திகதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.