மூத்திரப் பானையிலிருந்து வேதியியல் வரை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தைக் கட்டணமில்லாமல் தந்ததோடு நின்றுபோன மின்விசிறிகளையும் ஓட வைத்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற பிறகும் எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்துவிடும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சால்வை போதவில்லை என்று காதில் சொன்னார்கள்; பெயராவது எல்லோருக்கும் போய்ச் சேரட்டும். அனைவருக்கும் வணக்கம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நான் ஏறுகிற மேடையில் எல்லாம் இதைச் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் ஐயா இப்போதே சிரிக்கிறார்.

எனக்குத் தந்த தலைப்பு ரசவாதம், அதாவது ஈயம் போன்ற மலிவான உலோகத்தைப் பொன்னாக்கப் பார்த்த பழைய கலை. மூன்று பகுதியாகப் பேசலாம் என்று குறிப்பு எடுத்து வந்தேன். ரசவாதிகள் கையாண்ட பொருள்கள், அவர்கள் போட்ட குறியீடுகள், நம் சித்தர்களின் ரசவாதம்.

பொருள்களை முதலில் பார்ப்போம். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் அரபு நூல்கள், பாதரசமும் கந்தகமும் கூடித்தான் எல்லா உலோகமும் உண்டாகிறது என்றன. சேர்க்கை சரியாக அமைந்தால் பொன், கெட்டால் ஈயம். 16-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சஸ் உப்பையும் சேர்த்து மூன்றாக்கினார். கொள்கை தப்புதான். ஆனால் அதை நம்பியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வடித்தார்கள், வறுத்தார்கள், கரைத்தார்கள். வெள்ளியைக் கரைக்கும் நைட்ரிக் அமிலமும் பொன்னையே கரைக்கும் இராஜ திராவகமும் அந்த அடுப்படிகளில் பிறந்தவை. இதற்கு ஒரு கதை சொல்கிறேன். சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம், 1669. ஹென்னிக் பிராண்ட் என்று ஒருவர். மனைவி வீட்டுப் பணத்தை அடுப்பில் போட்டுக் கரைத்துக்கொண்டிருந்த மனிதர். வீட்டு அம்மாவின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! அவர் தேடியது ஈயத்தைப் பொன்னாக்கும் கல். அது எதில் இருக்கும்? மஞ்சளாக எதைக் கண்டாலும் பொன் ஆசை வருகிற காலம். மனிதருடைய மூத்திரத்தில் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். (சிரிப்பு.) சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. வாளி வாளியாகச் சேர்த்தார். நாட்கணக்கில் நாறவிட்டார். பிறகு கூழாகும் வரை காய்ச்சினார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூழைக் கொடும் சூட்டில் வைத்து, எழுந்த ஆவியைத் தண்ணீருக்குள் இறக்கினார். மெழுகு மாதிரி ஒன்று உறைந்தது. பொன் இல்லை. ஆனால் இருட்டில் தானாகவே ஒளிர்ந்தது! நெருப்பில்லாத வெளிச்சம். அதுதான் பாஸ்பரஸ்.

செய்முறையை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கையில் காசு தீர்ந்ததும் கிராஃப்ட் என்பவருக்கு விற்றார். கிராஃப்ட் அதை எடுத்துக்கொண்டு அரண்மனை அரண்மனையாக வேடிக்கை காட்டினார். 1677-இல் லண்டனில் விஞ்ஞானி ராபர்ட் பாயிலின் வீட்டுக்குப் போய், ஜன்னல்களை அடைத்து, மெழுகுவர்த்திகளை அப்புறப்படுத்தி, விரலில் தொட்டுத் தாளில் எழுதினார். எழுத்து ஒளிர்ந்தது. என்ன பொருள் என்று கேட்டதற்கு, மனித உடம்பைச் சேர்ந்த ஒன்று என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. பாயில் அந்த ஒரு துப்பைப் பிடித்துக்கொண்டு 1680-இல் தானே செய்து பார்த்துவிட்டார். இதில் பரிதாபம் என்னவென்றால், பிராண்ட் வேண்டாம் என்று ஒதுக்கிய உப்பில்தான் பெரும்பங்கு பாஸ்பரஸ் போயிற்று. நூறு வருடம் கழித்து சுவீடன்காரர்கள் எலும்பிலிருந்தே அதை எடுக்க வழி கண்டார்கள். இன்றைக்கு நீங்கள் வயலில் போடுகிற டி.ஏ.பி. உர மூட்டையில் பயிருக்குப் போவதும் அதே பாஸ்பரஸ்தான்.

கவனித்தீர்களா? பிராண்டும் பாயிலும் ஏட்டை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. கை நாறக் கண்டுபிடித்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

அடுத்து குறியீடுகள். நடுவில் புள்ளி வைத்த வட்டம் சூரியன், அதுவே பொன். பிறை என்றால் சந்திரன், அதுவே வெள்ளி உலோகம். செவ்வாய்க்கு இரும்பு, சுக்கிரனுக்குச் செம்பு, வியாழனுக்கு வெள்ளீயம், சனிக்கு ஈயம், புதனுக்குப் பாதரசம். ஏழு கோளுக்கும் ஏழு உலோகம். செம்புக்கும் இரும்புக்கும் போட்ட அந்தக் குறிகளையே 18-ஆம் நூற்றாண்டில் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் பெண், ஆண் என்று செடிகளுக்குப் போட்டார். உங்கள் உயிரியல் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. 1718-இல் பிரான்சில் வேதியியல் அறிஞர் ஜெஃப்ராய், எந்தப் பொருள் எதோடு விரும்பிச் சேரும் என்று பட்டியல் போட்டபோதும் இந்தக் குறிகள்தான். சுவீடன் வேதியியல் அறிஞர் பெர்சீலியஸ் 1813 வாக்கில் H, O மாதிரியான எழுத்துக் குறியீடுகளைக் கொண்டுவந்தார். நம் பிள்ளைகள் இன்று மனப்பாடம் செய்வது அதைத்தான்.

மனப்பாடம் என்றதும் வயிறு எரிகிறது. நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆய்வக அறையைப் பார்த்தேன், பெயர் வேண்டாம். நோட்டுக் கட்டுகளும் உடைந்த பெஞ்சுகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. சோதனைக் குழாய் பெட்டி பிரிக்கப்படவே இல்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயமாம். நானும் பிள்ளைகள் கையில் பாஸ்பரஸைக் கொடுக்கச் சொல்லவில்லை. செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையைப் பிழியட்டும், சிவக்கும். சோடா உப்பைப் போடட்டும், பச்சையாகத் திரும்பும். ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைத் தன் கையால் செய்தால் அமிலமும் காரமும் சாகும்வரை மறக்காது. வாரம் ஒரு பாடவேளை ஆய்வகம் திறந்திருக்க வேண்டும், அதற்கு ஓர் ஆய்வக உதவியாளர் வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பேரூராட்சித் தலைவர் அம்மா மனது வைத்தால் ஒரு அலமாரியும் தண்ணீர்க் குழாயும் பெரிய செலவா?

நேரமாயிற்று என்று வாசகர் வட்டத் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். சித்தர்கள் பகுதியைத் தொடவே முடியவில்லை. அவர்களை அவசரத்தில் பேசக்கூடாது, தனியாக ஒரு மாலை தாருங்கள். சரி, ஒன்றே ஒன்று. ஆய்வகத்தைத் திறக்கக் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. சுண்டல் வாங்குமுன் கையெழுத்துப் போடுங்கள், பேனா நூலகரிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.