ஆனைமங்கலத்து நெல்லும் நாகப்பட்டினத்துப் பள்ளியும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை, அதாவது பிக்குகளின் மடத்தை, பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மலாய்த் தீபகற்பத்துக் கடாரத்து மரக்கலங்களில் தொடங்கிச் சோழர் கடற்படையோடு முடித்துக்கொள்வது வழக்கம். அந்தப் பள்ளியில் பிக்குகள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கு விடை சொல்லும் ஊர் நாகப்பட்டினத்துக்கு அருகிலேயே, கீழ்வேளூர்ப் பக்கத்தில், இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. அந்த ஆனைமங்கலத்தின் பக்கம் நின்று இந்தப் பள்ளியின் வரலாற்றைச் சொல்லவே விரும்புகிறேன்.

சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர மரபின் சூடாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எழுப்பத் தொடங்கிய பள்ளியை அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தையின் பெயராலேயே நிறைவேற்றினான். முதலாம் இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 ஆம் ஆண்டளவில், தஞ்சை அரண்மனையின் மண்டபத்தில் வீற்றிருந்தபோது, சத்திரிய சிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்து ஆனைமங்கலத்தை அந்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்த இறையிலியாக, அதாவது அரசுக்கு வரி செலுத்த வேண்டாத சமயக் கொடையாக, கொடுக்க ஆணையிட்டான். பெருவுடையாருக்குத் தஞ்சையில் விமானம் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் புத்தருக்கும் அவன் ஊர் கொடுத்திருக்கிறான் என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஆணையைத் தாங்கிய செப்பேட்டில் 21 ஏடுகள் உள்ளன. வடமொழிக்கு 5, தமிழுக்கு 16. வடமொழிப் பகுதி குலப்பெருமை பாடுகிறது. நிலத்தைக் காட்டுவது தமிழ்ப் பகுதியே. கொடுக்கப்பட்ட நிலம் 97 வேலியும், வேலியின் சிறு கூறுகளான சில மாவும் காணியும் முந்திரிகையுமாக நுணுக்கி அளக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து பள்ளிக்குச் சேர வேண்டிய நெல் 8,943 கலத்துக்கும் மேல், கலத்தின் சிறு கூறுகளான தூணி குறுணி நாழி வரை கணக்காக எழுதப்பட்டிருக்கிறது. வேலிக்குத் தொண்ணூறு கலத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஆற்றுப்பாசனம் தவறாத நன்செய் அல்லாமல் இந்த அளவு கொடுக்க முடியாது. அதைப் பல தலைமுறை உழுது கொடுத்த குடிகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எனக்கு அது உறுத்துகிறது.

ஆணை பிறந்த உடனே ஊர் கைமாறிவிடவில்லை. ஓலை எழுதி, நாட்டுச் சபையினரான நாட்டாருக்குத் திருமுகம் என்னும் அரச மடல் அனுப்பி, வரிக் கணக்கில் ஏற்றி, நிலத்தின் எல்லையைப் பெண் யானை நடத்திச் சுற்றி, கல்லும் கள்ளியும் நாட்டி, அதன் பிறகே அறவோலை என்னும் கொடை ஆவணம் செய்தார்கள். இவை முடிவதற்குள் மன்னனின் 23 ஆம் ஆண்டு வந்துவிட்டது. அண்டை ஊர்ச் சபையார்களும் ஊரார்களும் எழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் பிரமதேயத்துச் சபையாரும், அதாவது பிராமணர்க்குக் கொடுக்கப்பட்ட ஊர்களின் சபையாரும், உண்டு. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு இழிக்கலாம், காவில் தெங்கு இடலாம், தமனகமும் மருவும் இருவேலியும் செண்பகமும் செங்கழுநீரும் நடலாம் என்று உரிமைகள் நீளுகின்றன. இதைப் படிக்கும்போது அரசாணையைப் படிக்கிறோம் என்பதே மறந்து, வாய்க்கால் ஓரமாக ஊருக்குள் நடந்து போவதுபோல் இருக்கிறது.

தந்தையின் அறத்தை இராசேந்திரன் நிலைப்படுத்தினான். பின்பு 1025 ஆம் ஆண்டளவில் அவனே கடாரத்தின் மீது படை செலுத்தினான் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் பகையரசன் கட்டியது என்பதற்காகப் பள்ளியின் நிலம் பறிக்கப்படவில்லை. 1090 இல் கடாரத்துத் தூதர்கள் இருவர் வந்து வேண்டிக்கொண்டபோது, முதற்குலோத்துங்கன் பள்ளிச்சந்த ஊர்களின் வரிகள் பலவற்றை நீக்கிக் கொடுத்தான் என்று 3 ஏடுகள் கொண்ட சிறிய செப்பேடு சொல்கிறது. ஆனைமங்கலத்தில் பழைய காணியாளரை நீக்கிப் பள்ளிச் சங்கத்தாருக்கே காணியும், அதாவது நில உரிமையும், கொடுக்கப்பட்டது. இதை நான் முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். அதுவரை வரியைப் பெற்றுவந்த பள்ளி அன்றுமுதல் நிலக்கிழாராகவும் ஆகிவிட்டது. விலக்கப்பட்ட காணியாளர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோழர் ஆட்சி முடிந்த பின்னும் நாகப்பட்டினத்தில் பௌத்தம் உடனே மறைந்துவிடவில்லை. பர்மாவின் பெகு நகரில் உள்ள 15 ஆம் நூற்றாண்டுக் கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரை சேர்ந்த பிக்குகள் நாகப்பட்டினத்துக்கு வந்து பழைய ஆராமம் (பௌத்த மடம்) இருந்த இடத்தில் வழிபட்டதைக் குறிக்கிறது. செங்கற்கோபுரம் ஒன்று மட்டும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நின்றது. கடலில் வருபவர்களுக்கு அது கரைகாட்டும் அடையாளம். 1846 இல் அதைப் பார்த்த ஆங்கிலேய அதிகாரி வால்ட்டர் எலியட், சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கற்களால் ஆன மூன்று நிலை நாற்சதுரக் கோபுரம் என்றும், உள்ளே மேல்வரை திறந்து கிடந்தது என்றும் எழுதினார். 1859 இல் அங்கே கல்லூரி நடத்திவந்த இயேசு சபைக் குருமார்கள் அதை இடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். முதலில் மறுத்த அரசு 1867 இல் இசைந்தது, கோபுரம் தரைமட்டமாயிற்று. பழுது பார்த்திருந்தால் இன்றைக்கும் நின்றிருக்கும் என்றே நம்புகிறேன்.

1856 முதல் அந்த வட்டாரத்து மண்ணிலிருந்து 350க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றுட் பலவற்றைக் காணலாம். செப்பேடுகளோ டச்சுக்காரர் காலத்தில் கடல் கடந்து, 19 ஆம் நூற்றாண்டில் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன.

நாகப்பட்டினத்து வரலாற்று ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கோபுரத்தைத்தான் இடித்தார்கள், வயல்கள் அங்கேயே இருக்கின்றன. செப்பேட்டின் எல்லைப் பகுதியை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, கிராமப் புலப்படத்தோடு ஒப்பிட்டு, பெண் யானை நடந்த அந்த எல்லையை ஆனைமங்கலத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். அண்டை ஊர்ப் பெயர்களிலும் வாய்க்கால்களிலும் எவை இன்னும் நிலைத்திருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மனைப் பிரிவுகள் போடப்படுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.