விற்கப்படும் சரக்கு நாம்தான்

(வியாசர்பாடியில் ஒரு திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணன்களே, அக்காக்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இன்று நீங்கள் பார்க்கப்போகும் படங்களில் கதை கிடையாது. சிலவற்றில் எடுத்தவருடைய கேமராவுக்கே வேலை இல்லை. டிவியில் ஓடியதையே வெட்டி, ஒட்டி, டிவிக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். இந்த மாதிரிப் படங்களுக்குத் தியேட்டர் கிடைக்காது. அதனால் 1962-இல் நியூயார்க்கில் படம் எடுத்தவர்களே ஒரு கூட்டுறவு அமைப்பு தொடங்கி, தங்கள் படங்களைத் தாங்களே சுற்றுக்கு விட்டார்கள்.

அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவும் கார்லோட்டா ஃபே ஸ்கூல்மனும் 1973-இல் செய்த 'டெலிவிஷன் டெலிவர்ஸ் பீப்பிள்' ஏழு நிமிடம்கூட இல்லை. நீலத் திரையில் எழுத்துகள் மேலே நகரும். பின்னால் பெரிய கடைகளில் போடுவார்களே, அந்த மாதிரி இதமான இசை. அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்து சொல்வதைக் கேளுங்கள்: டிவி நம்மிடம் நிகழ்ச்சியை விற்கவில்லை, விளம்பரக்காரர்களிடம் நம்மை விற்கிறது. சீரியல் முன்னால் நாம் உட்காரும் நேரம்தான் சரக்கு. காசிமேட்டு ஏலத்தில் மீனுக்கு விலை வைக்கிற மாதிரி, டிஆர்பியை வைத்து நமக்கு விலை வைக்கிறார்கள்.

அமெரிக்கக் கலைஞர் புரூஸ் கானரின் 'ரிப்போர்ட்' என்னை இன்னும் விடாத படம். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டார். நாடே டிவி முன் அழுதது. அந்தத் துக்கமும் விற்பனைக்குப் போவதைப் பார்த்த கானர், அன்றைய வானொலி நேரடி வர்ணனையை ஒலியாக வைத்துக்கொண்டார். சுடப்பட்ட தருணத்தை அவர் காட்டவே இல்லை. வெறும் திரை மட்டும் வெள்ளையும் கறுப்புமாகத் துடிக்கிறது. அப்புறம் செய்தித் துண்டுகளுக்கு நடுவே விளம்பரத் துண்டுகள் நுழைகின்றன. கடைசியில் ஒரு பெண் இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்துகிறாள். அதில் 'விற்பனை செய்' என்று எழுதியிருக்கிறது. எந்த வசனமும் இவ்வளவு கோபத்தைச் சொல்லிவிடாது.

டாரா பிர்ன்பாம் என்ற அமெரிக்க வீடியோ கலைஞர் 1978-79-இல் 'வொண்டர் உமன்' என்ற சூப்பர் ஹீரோயின் டிவி தொடரிலிருந்து நாயகி சுழன்று உருமாறும் காட்சிகளை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நான்காவது தடவையே மாயம் கலைந்து, உள்ளே இருக்கும் இயந்திரம் தெரிகிறது. அதை அவர் ஒரு சலூன் கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்துத் தெருவுக்குக் காட்டினார். நம் தெரு சலூன்களில் நாள் முழுக்க டிவி ஓடுகிறது. அங்கேயும் வைக்கலாமே என்றுதான் நான் கேட்கிறேன்.

நம் பகுதி டிவியில் எப்போது வருகிறது? கொலை நடந்தால் வரும், மழையில் தண்ணீர் நின்றால் வரும். விளம்பரத்தில் வரும் சமையலறையோ, படுக்கையறையோ புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிற மாதிரி காட்ட மாட்டார்கள். ஆனால் அந்தச் சோப்பை வாங்குவதற்கு மட்டும் நாம் வேண்டும். இது எனக்கு வலிக்கிறது, உங்களுக்கும் வலிக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? கானரிடம் இருந்தது கத்தரியும் பசையும். உங்கள் போனில் அதைவிட நல்ல எடிட்டிங் ஆப் இருக்கிறது. நம் தெருவைப் பற்றிய செய்தி முடிந்ததும் என்ன விளம்பரம் வருகிறது என்று கவனியுங்கள். இரண்டையும் பதிவு செய்து அடுத்தடுத்து வையுங்கள். நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். செய்துமுடித்ததை இங்கே கொண்டுவாருங்கள், இதே திரையில் போடுவோம்.

இப்போது செர்ரா படம். எழுத்து வேகமாகப் போகும். புரியவில்லை என்றால் கை தூக்குங்கள், நிறுத்திவிட்டுத் தமிழில் படித்துச் சொல்கிறேன்.