ஒன்றரைச் சாணில் தொலைந்த ஸ்நேர்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் டிரம்ஸ் வாசிப்பைப் பதிவு செய்வது பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில், சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தவர். அம்மன் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, அசனப் பண்டிகை என்று எங்கே கூட்டம் கூடினாலும் அங்கே ஒரு வேப்பமரத்தில் அவருடைய கூம்பு ஸ்பீக்கர் இருக்கும். ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன பையன் நான். பிறகு படித்து, கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். ஆனாலும் காதை விட்டுவிட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்குப் பாட்டுப் பதிவு செய்து கொடுப்பேன்.

என் அக்கா மகன் சபையில் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கிறவன். ஒருநாள் வந்து, “மாமா, இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல தட்டுற டிரம்ஸ் வேண்டாம். நெஜ டிரம்ஸ் வச்சுப் பண்ணுவோம்” என்றான். எனக்கும் ஆசைதான். அங்கே இங்கே கேட்டு எட்டு மைக் சேர்த்தோம். எட்டு மைக்கையும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்றும் இரவலாகக் கிடைத்தது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்முக்குள் ஒன்று, முன்னால் வைத்துக் குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்முக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, டாம் என்ற உருளை டிரம் மூன்றுக்கும் மூன்று, சிம்பல் என்ற உலோகத் தட்டுகளுக்கு மேலே இரண்டு. மைக் ஸ்டாண்டுகளுக்கு நடுவில் பையன் தெரியவே இல்லை.

ராத்திரி உட்கார்ந்து கேட்டால், ஸ்நேர் பிஸ்கட் டின் மாதிரி இருக்கிறது. உடம்பே இல்லை. ஒரு வாரம், தொனிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரைத் திருகினேன். ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. 200 ஹெர்ட்ஸை ஏற்றினால் கொழகொழ, 5,000 ஹெர்ட்ஸை ஏற்றினால் காது கிழிகிறது. பலத்த சத்தத்தை அமுக்கும் கம்ப்ரெசர் போட்டேன், டின் இன்னும் பெரிய டின் ஆனது. அந்த வாரம் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடைசியில் அப்பாதான் வந்தார். கம்ப்யூட்டரில் அவருக்கு எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “மேல தொங்குத மைக்குல ஒண்ண மூடு” என்றார். மூடினேன். ஸ்நேர் எழுந்து நின்றது. மைக்கைக் குறைத்தால் சத்தம் கூடுகிறது!

“ஏலே, ரெண்டு கூம்புல ஒண்ணுக்கு மட்டும் வயர மாத்திக் குடுத்தா நடுவுல நிக்கவனுக்கு என்ன கேக்கும்?”

“ஒண்ணும் கேக்காதுப்பா. செத்துப்போவும்.”

“பெறவு? அதான் இங்கயும்.”

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரம்ஸ் பதிவில் முக்கால்வாசி இதுதான். ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் தள்ளப்படுவது. ஒரு மைக்கில் அலை மேலே ஏறும் நேரத்தில் இன்னொரு மைக்கில் அதே அலை கீழே இறங்கினால், இரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு மில்லி செகண்டில் 35 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒன்றரைச் சாண். நான் தொங்கவிட்ட இரண்டு மைக்கில் ஒன்று ஸ்நேரிலிருந்து 85 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தது, மற்றது 120. வித்தியாசம் சரியாக அந்த ஒன்றரைச் சாண். ஒரு மில்லி செகண்ட் தள்ளி வந்தால் 500 ஹெர்ட்ஸ் அலை தலைகீழாகிவிடும். 1,500, 2,500 என்று அதற்கு மேலேயும் வரிசையாகப் பள்ளம் விழும், சீப்புக்குப் பல் இருப்பது போல. ஸ்நேரின் உடம்பு அந்தப் பள்ளங்களில் ஒன்றில்தான் போய் விழுந்து கிடந்தது. விழுந்ததை ஈக்வலைசரால் தூக்க முடியாது. பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே.

அடுத்த ஞாயிறு அப்பா கொத்தனார் நூல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். நூலின் ஒரு முனையை ஸ்நேரின் நடுவில் பையனைக் கொண்டு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை மேலே முதல் மைக்கின் வாய்வரை இழுத்து முடிச்சுப் போட்டார். ஏறக்குறைய ஒரு மீட்டர். பிறகு அதே நூலைத் தளரவிடாமல் வலப்பக்கம் கொண்டுபோய், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்கு அப்பால் இரண்டாவது மைக்கை அந்த முடிச்சு தொடும் இடத்தில் வைத்து, ஸ்நேரைப் பார்க்கத் திருப்பினார். அப்புறம் பேஸ் டிரம்முக்கு ஒன்று, ஸ்நேருக்குப் பக்கத்தில் துணைக்கு ஒன்று. மொத்தம் நாலே மைக்.

பின்னால்தான் எனக்குத் தெரிந்தது, கிளின் ஜான்ஸ் என்ற இங்கிலாந்து ஒலிப்பதிவாளரின் பெயரால் உலகம் முழுக்கச் சொல்லப்படும் முறை ஏறக்குறைய இதுவேதான் என்று. 1960களின் கடைசியில் லண்டன் ஸ்டூடியோக்களில் அவர் ராக் டிரம்ஸைப் பதிவு செய்தது இப்படித்தான். அப்பாவிடம் சொன்னேன். “அந்த ஆளும் மைக் செட்டா?” என்று கேட்டார்.

நாலு மைக் போதும் என்பதால் நாலு வழி உள்ள சின்ன இன்டர்ஃபேஸே போதும், இரவல் வாங்க வேண்டியதில்லை. மேலே தொங்கும் இரண்டும் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக் என்றால், அந்த மின்சாரத்தைத் தரும் 48 வோல்ட் பேன்டம் பவர் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். எட்டு மைக் வைக்கக்கூடாதா என்றால், வைக்கலாம். ஸ்நேருக்குக் கீழேயும் மைக் வைத்தால் அதன் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, மட்டும் தலைகீழாக்குங்கள். மேலே அடிக்கும்போது தோல் மேல் மைக்கை விட்டு விலகும், கீழ்த்தோல் கீழ் மைக்கை நோக்கி வரும். இரண்டும் எதிரெதிர்தானே. மென்பொருளில் இதற்கு ஒரு வட்டமும் குறுக்குக் கோடும் போட்ட பொத்தான் இருக்கும்.

மைக் வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். நம் பக்கத்துக் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவி அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. ஆட்டம் தொடங்குமுன் நெருப்புப் போட்டுத் தோலைக் காய்ச்சி, தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். டிரம்ஸுக்கு 1950களிலேயே பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டதால் நெருப்பு தேவையில்லை, சாவி போதும். எதிரெதிர் திருகாணிகளை மாற்றி மாற்றி, ஒவ்வொரு திருகாணிக்குப் பக்கத்திலும் தட்டினால் ஒரே சுதி வரும்வரை முறுக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும். பையன்களுக்குப் பொறுமை இருக்காது, நாம்தான் பிடித்து உட்கார வைக்க வேண்டும். பேஸ் டிரம்மை அடித்தால் டாம்கள் தாமாக ‘ஊம்’ என்று கூடவே முனகும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூணில் ஒன்றைத் தட்டினால் பக்கத்தில் உள்ளதும் அதிருமே, அதே சங்கதி. கோயிலில் அது அதிசயம், பதிவில் அது தலைவலி. டாமின் சுதியைக் கொஞ்சம் நகர்த்தினால் முனகல் அடங்கும்.

இனி அறை. இப்போது இந்த மேசையைத் தட்டுகிறேன், கேளுங்கள்.

(மேசையில் தட்டும் ஒலி)

‘டக்’ என்று முடிந்துவிட்டது இல்லையா? இது ஸ்டூடியோ. இதையே என் வீட்டு அறையில் தட்டினால் ‘டக்கங்ங்’ என்று சுவரெல்லாம் பேசும். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான அறை கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் ஒரே அலை, சுமார் 57 ஹெர்ட்ஸ், மோதி மோதிக் குவியும். பேஸ் டிரம்மின் அடித்தொனியும் அந்தப் பக்கம்தான். ஒரு மூலையில் நின்றால் வயிற்றைக் கலக்கும், நடுவில் நின்றால் காணாமல் போகும்.

நான் முதலில் பத்தமடைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது, வேறு பிரயோசனம் இல்லை. மெல்லிய எதுவும் உச்சத் தொனியை மட்டும்தான் கொஞ்சம் உறிஞ்சும். பிறகு இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தியதும் வித்தியாசம் தெரிந்தது. அடியில் ஜமுக்காளம். இப்போது அந்த அறையையே விட்டுவிட்டேன். வீட்டின் முன்புறத் தார்சா நீளம் அதிகம், அகலம் குறைவு, மேலே ஓட்டுச் சாய்ப்பு. அங்கே டிரம்ஸ் கணீரென்று கேட்கிறது. சொந்த வீட்டிலேயே எந்த இடத்தில் கை தட்டினால் நன்றாக இருக்கிறது என்று முதலில் நடந்து பார்த்திருக்கலாம்.

தார்சாவில் காக்கா உண்டு, பஸ் ஹாரன் உண்டு. டிரம்ஸ் சத்தத்துக்கு முன்னால் அதெல்லாம் பெரிதாகத் தெரியாது. மின்விசிறியைத்தான் நிறுத்த வேண்டும். அதன் காற்று மைக்கில் படபடக்கும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் இருபது நிமிடத்துக்கு மேல் ஆளால் வாசிக்க முடியாது, குச்சி வழுக்குகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி தூங்கும் நேரத்தையும் கேட்டு வைத்திருக்கிறேன். காலை பதினொன்று முதல் ஒரு மணிவரை எங்களுக்கு அனுமதி. இன்னொன்று, லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அடியில் ‘ம்ம்ம்’ என்று கேட்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பல வீடுகளில் அதோடு போய்விடும்.

பதிவாகும் சத்தத்தின் அளவு விஷயத்தில் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. முள் சிவப்பைத் தொடாவிட்டால் அவருக்குத் திருப்தி இல்லை. கம்ப்யூட்டரில் அளவுகோலின் உச்சி பூஜ்யம் டெசிபல், அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், வெட்டியது வெட்டியதுதான். 24 பிட் என்ற நுணுக்கமான அளவில் பதிவு செய்தால் தாராளமாக இடம் இருக்கிறது. மிக பலமான அடி மைனஸ் 10 அல்லது 12 டெசிபலில் நின்றால் போதும். ஒத்திகையில் மெதுவாக அடிப்பவன் பதிவில் உற்சாகமாகிவிடுவான், அதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லா மைக்கையும் கலந்து சேர்க்கும் மிக்ஸிங்கில் நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மேல் மைக் இரண்டையும் முதலில் திறந்து, அதிலேயே முழு டிரம்ஸும் கேட்கிறதா என்று பார்ப்பேன். பிறகு பேஸ் டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். அதில் 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் அட்டைப்பெட்டிச் சத்தம் இருக்கும், அதைக் குறைத்துவிடுவேன். கம்ப்ரெசர் முழுதாக அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரமான அட்டாக்கை 20, 30 மில்லி செகண்ட் விட்டுவிட்டால் அடியின் முனை மழுங்காது. அவ்வளவுதான். கடைசியாக, இடம் வலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி மோனோவாக்கிக் கேட்பேன். இந்தப் பேச்சைக் கேட்கும் உங்களில் பலருடைய பெட்டியில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும். இடமும் வலமும் ஒன்றையொன்று தின்னும் பதிவு ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும், உங்கள் பெட்டிக்கு வந்ததும் பாதி காணாமல் போகும்.

நாலு மைக் பதிவு முடிந்த அன்று அப்பா, பரண்மேல் கிடந்த பழைய கூம்பை இறக்கித் துடைத்து மொட்டைமாடித் தட்டட்டியில் கட்டினார். “இதுல போடு” என்றார். கூம்பில் அடித்தொனி வராது, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட எதுவும் இல்லை. போட்டேன். ஸ்நேர் தெரு முனைவரை நின்றது. பேஸ் டிரம் மட்டும் இல்லவே இல்லை. அக்கா மகனுக்கு முகம் வாடிவிட்டது, அவனுடைய வலது கால் உழைப்பு முழுவதும் அதில்தானே இருக்கிறது. கீழே இறங்கி வந்து, பேஸ் டிரம்மில் மரக்கட்டை தோலில் படுகிற ‘டிக்’ சத்தத்தை, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம், இரண்டு டெசிபல் ஏற்றினேன். மறுபடி போட்டோம். ‘டிக்’ வந்தது. அப்பா கூம்புக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வயரைச் சுற்றத் தொடங்கினார்.

வணக்கம்.